குருவிக்கூண்டு என்று ஒரு சொல் இல்லை

இந்த ஊரில் வாடகை வண்டி பிடிப்பது எனக்கு இன்றைக்கும் பரீட்சை எழுதுவது மாதிரிதான். கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. வங்காளத்தில் கால்வாய்க்குப் பெயர் 'கால்'. நம்முடைய கால் அல்ல. அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளிக்கொண்டு சொல்ல வேண்டிய கால். காற்றில்லாமல் சொன்னால் அதற்கு 'நாளை' என்று அர்த்தம். செயலியில் வண்டிக்குச் சொல்லிவிட்டு நிற்பேன். ஓட்டுநர் கூப்பிட்டு எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார். கால்வாய் ஓரம் என்ற நினைப்பில் "காலேர் தாரே" என்பேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கால்? ஆஜ் நா, திதி?" என்பார். நாளைக்கா, இன்றைக்கு இல்லையா அக்கா என்று கேட்கிறார். வாய்க்கால் என்பதில் இருக்கிற கால்தான் ஐயா அது, எங்கள் மொழியிலும் கால் என்றால் நீர் ஓடும் வழிதான் என்று அவருக்கு விளக்க எனக்கு ஆசையாக இருக்கும். அதற்குள் அவர் பயணத்தை ரத்து செய்திருப்பார்.

என் மகள் இனியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. தளர்நடை போடும் வயதில் இங்கே வந்தவள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. தமிழில் 'ழ' தகராறு செய்யும், வங்காளத்தில் எந்த எழுத்தும் தகராறு செய்யாது. ஒருநாள் அவள் தன் நோட்டுப் புத்தகத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு காகிதத்தைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டாள். "அம்மா, சாதா 'கா' சொல்லு. பேப்பர் ஆடக்கூடாது. இப்போ அந்த இன்னொரு 'கா' சொல்லு. பேப்பர் ஆடணும்" என்றாள். முதல் 'கா'வுக்குக் காகிதம் ஆடவில்லை. இரண்டாவதற்கும் ஆடவில்லை. வலிந்து ஊதினால் ஆடியது, ஆனால் அப்போது வாயில் சொல் இல்லை. "நீ சொல்றது ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அந்தக் காகிதத் துண்டை நான் கைப்பையில் போட்டு வைத்துக்கொண்டேன். விடுமுறைக்குத் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். இந்த வருடம் சொல்லவில்லை.

திருச்சியில் இருந்தவரை தமிழைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. பஸ் என்றேன், டிக்கெட் என்றேன், ஆபீஸ் என்றேன். யாரும் குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் குறையாகத் தெரியவில்லை. அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் பேருந்து என்று சொல்லத் தொடங்கினேன். ஊரைவிட்டு வந்த எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். அங்கே இருந்தபோது காலில் மிதிபட்டுக் கிடந்ததை இங்கே வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். சாவியையும் நாமே வைத்துக்கொள்கிறோம். முகநூலில் 'சொல் சரியா?' என்ற குழுவை நான் தொடங்கியது அப்படித்தான். மும்பை, டெல்லி, துபாய் என்று எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் ஒரு சொல்லைப் போட்டு இது சரியா என்று கேட்பார்கள். அகராதியைப் புரட்டி, நாலு பேர் வாதாடி, கடைசியில் நான் தீர்ப்புச் சொல்வேன். அலுவலகத்தில் மேலதிகாரியின் கடிதத்தில் ஒரு காற்புள்ளியை நகர்த்தக்கூட எனக்கு அதிகாரம் இல்லை. குழுவில் நான் சொன்னால் சொன்னதுதான். அந்த அதிகாரம் எனக்கு இனித்தது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

போன சித்திரையில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மாலையில், சூசைராஜ் என்று ஒருவர் குழுவில் ஒரு கேள்வி போட்டார். "ஹவுரால ஒரு இரும்புப் பட்டறைல கிரேன் ஓட்டுதேன். சொந்த ஊரு தூத்துக்குடி. கிரேன் கம்பி வடம் குருவிக்கூண்டு ஆயிட்டு. இத வங்காளத்துல எப்படிச் சொல்லணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அவசரம்." கீழே பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த ஒரு படம். மேலிருந்து நேராக இறங்கும் வடம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் புரிகள் பிரிந்து வயிறு உப்பி, உள்ளே வெற்றிடமாக, மறுபடி கீழே ஒன்றாகச் சேர்ந்திருந்தது. பட்டறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால்தான் அவர் வரைந்தார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு ஒருவர், "ஓவியப் போட்டி பக்கத்துக் குழுவில்" என்று எழுதினார். அதற்கு நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன்.

அவர் கேட்டது வங்காளச் சொல். அந்தப் பக்கம் நாங்கள் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'குருவிக்கூண்டு' என்பதைப் பிடித்துக்கொண்டோம். இருக்கிற அகராதிகளில் எல்லாம் தேடினேன், இல்லை. பிறகு என் வழக்கப்படி எழுதினேன்: "குருவிக்கு இருப்பது கூடு. கூண்டு மனிதன் செய்வது. குருவியை யாரும் கூண்டில் வளர்ப்பதில்லை. ஆகவே இது பொருளாலும் பிழை. கம்பிக்கு ஏது கூண்டு? குருவிக்கூண்டு என்று ஒரு சொல் தமிழில் இல்லை. வாயில் வந்ததை எல்லாம் கலைச்சொல் என்று இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டாம்." விருப்பக்குறிகள் குவிந்தன. அவர் பொறுமையாகப் பதில் எழுதினார்: "இல்லக்கா, எங்க ஹார்பர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்." எல்லோரும் சொன்னால் தப்பு சரியாகிவிடாது என்றேன். "வங்காளத்துல மட்டும் சொல்லுங்கக்கா" என்றார். முதலில் தமிழில் சரியாகச் சொல்லுங்கள், பிறகு வங்காளத்துக்குப் போகலாம் என்றேன். அதைப் படித்து ஒருவர் விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதினார். மறுநாளும் இது ஓடியது. கடைசியில் சூசைராஜ், "சரிக்கா. நான்தான் தப்பா சொல்லிருப்பேன். மன்னிச்சிக்கிடுங்க" என்று எழுதினார். ஆதாரமில்லாத சொல் என்று காரணம் காட்டிப் பதிவை நீக்கினேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது இனியாவிடம் இதைச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஒரு நல்ல வேலை செய்து முடித்த திருப்தியோடு சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "அக்கா, நீங்க அழிச்ச அந்தப் போஸ்ட்ட திரும்பப் போட முடியுமா?" முடியாது, விதி விதிதான் என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதற்குள் இரண்டாவது செய்தி வந்தது. "வடம் அந்துட்டு. கீழ நின்ன ஹாரு தா, எங்கூட வேல பாத்த அண்ணன், செத்துட்டாரு. நான் முன்னமே சொன்னேன்னு யாரும் நம்ப மாட்டேங்காங்க. அந்தப் போஸ்ட்டுதான் இருக்கு."

எழுதிக்கொண்டிருந்ததை அழித்தேன். அப்போதுதான், அத்தனை நாள் கழித்து, அவர் வரைந்த படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கம்பி வடம், கூண்டு என்று இரண்டு சொற்களைப் போட்டுத் தேடினேன். தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேர்ட்கேஜ். பறவைக் கூண்டு. வடத்தில் திடீரென்று இழுவை விட்டுப்போனால் புரிகள் பிரிந்து கூண்டுபோல உப்பிக்கொள்ளும். அப்படி ஆன வடத்தை உடனே கழற்றிப் போட வேண்டும், அதைக் கொண்டு எதையும் தூக்கக்கூடாது. படங்களும் இருந்தன. அந்தப் பால்பாயிண்ட் படத்தையே வைத்து எடுத்தாற்போல இருந்தன. ஆங்கிலேயர்கள் பறவை என்றதைத் தூத்துக்குடிக்காரர்கள் குருவி என்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். சொல் தெரியாததற்காக அழவில்லை. அகராதியைத் தாண்டித் தேடாமலேயே இல்லை என்று சொன்னேனே, அதற்காக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹவுராவுக்குப் போனேன். பட்டறைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் சூசைராஜ் காத்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குழுவில் நான் எழுதியதை மனதில் வைத்துப் பேசுவார் என்று நினைத்திருந்தேன், எழுந்து நின்று, "வாங்கக்கா, சாப்ட்டியளா?" என்றார். எனக்கு உட்காரவே கூசியது. கடையின் முகப்பில் ஒரு மைனா கூண்டு தொங்கியது. அதைக் காட்டித்தான் ஆரம்பித்தார்.

"எங்க ஊரு ஹார்பர்ல, வடம் குருவிக்கூண்டுன்னு மேலருந்து ஒருத்தன் கத்துனா போதும்க்கா. ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கெடையாது. கிரேன் நின்னுரும். கீழ நிக்கவன் ஓடிருவான். அப்புறந்தான் சூப்பர்வைசர் வந்து பாப்பாரு. இங்க அந்த வார்த்தை எனக்குத் தெரியல. இந்தக் கடக்காரர்ட்ட இந்தக் கூண்டைக் காட்டி, இதுக்குப் பேரு என்னன்னு கேட்டேன். காஞ்சான்னாரு. அத மனப்பாடம் பண்ணிட்டுப் போயி சூப்பர்வைசர்ட்ட, தார் காஞ்சா ஹோயே கேச்சேன்னு சொன்னேன். கம்பி கூண்டாயிட்டுன்னு. அவரு சிரிச்சாரு. பாகுக்ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலந்தான் குழுவுல கேட்டேன். அப்படின்னா என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுக்கா."

எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. காற்றைத் தள்ளிச் சொல்லும் காஞ்சாவுக்குக் கூண்டு என்று பொருள். காற்றில்லாமல் சொல்லும் காஞ்சாவுக்குப் பச்சை, காய், பழுக்காதது என்று பொருள். சூசைராஜின் தொண்டையும் என் தொண்டைதான். கம்பி காயாகிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். 'பாகுக்' என்றால் பழுக்கட்டும். காயா, அப்படியென்றால் பழுக்கட்டும் என்று ஒரு மனிதர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். வடத்தின் அந்த இடம் மேலே உருளைக்குப் பக்கத்தில் இருந்ததால், கிரேன் அறைக்கு ஏறும் ஏணியிலிருந்து மட்டுமே தெரியும். ஏறிப் பார்க்க மேற்பார்வையாளருக்கு அவசியம் தோன்றவில்லை.

"கீழ சங்கிலி மாட்டுற ஹாரு தாட்டயும் சொன்னேன். அவரு தலைய ஆட்டுனாரு. மறுநாள் என்னன்னு தெரியல, ரெண்டு மாங்காய் கொண்டாந்து குடுத்தாரு. உப்பு தொட்டுத் தின்னோம். நல்ல மனுசங்க்கா. பேச்சு புரியாட்டாலும் தெனமும் எனக்குன்னு அவர் டப்பாவுல ஒரு பங்கு இருக்கும்." மைனா கூண்டுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்கும் யோக்கியதை எனக்கு இருந்ததா தெரியவில்லை, கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்படித்தாங்க்கா நினைச்சிருந்தேன். ஒரு நாள் முரண்டும் பிடிச்சேன். அப்புறம் நம்ம ஆளுக அத்தனை பேரும், நீங்களும், அப்படி ஒண்ணு இல்லைன்னு சொல்லிட்டிய. படிச்சவங்க. நான் பாத்தது அதுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. வெயில்ல கண்ணு எதையாச்சும் காட்டுதான்னு நினைச்சிட்டேன். மறுநாளு ஏறி ஓட்டுனேன்." அவர் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்வதுபோலச் சொன்னார். குற்றச்சாட்டாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீக்கிய பதிவு திரும்பி வரவில்லை. ஆனால் குழுவில் ஒருவர் என் பதிலை நகைச்சுவை என்று கைப்பேசித் திரையைப் படம் பிடித்துச் சுற்றுக்கு விட்டிருந்தார். அதில் சூசைராஜ் வரைந்த படம் வெட்டப்பட்டிருந்தது. சூசைராஜின் கேள்வி, என் தீர்ப்பு, கடைசியில் அவருடைய மன்னிப்பு, இவ்வளவும் இருந்தன. வேறு எதுவும் கைவசம் இல்லாததால் அதைத்தான் விபத்தைப் பற்றிய அரசு விசாரணைக்குக் கொடுத்தோம். அதை மொழிபெயர்த்துச் சொல்ல நானே வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஹாரு தாவின் சாவுக்குச் சூசைராஜின் கவனக்குறைவுதான் காரணமா, அல்லது அவர் முன்கூட்டியே எச்சரித்தாரா என்பதுதான் கேள்வி. கவனக்குறைவு என்று முடிவானால் போலீஸ் வழக்காகும், சிறைகூட ஆகலாம்.

விசாரணை அலிப்பூரில், என் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் நடந்தது. விசாரணை அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். பொறுமையான மனிதர், அவர்மேல் எனக்குக் குறையில்லை. நான் பேர்ட்கேஜ் என்ற சொல்லை விளக்கினேன். படங்களைக் காட்டினேன். குருவிக்கூண்டு என்பது அதேதான் என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது பட்டறைத் தரப்பில் வந்திருந்தவர் அந்தத் திரைப்பிடிப்பின் அச்சை என்னிடம் நீட்டி, "மேடம், இதில் நீங்கள் எழுதியிருப்பதை ஆங்கிலத்தில் படித்துக் காட்டுவீர்களா?" என்றார்.

படித்தேன். குருவிக்கு இருப்பது கூடு. கூண்டு மனிதன் செய்வது. இப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. வாயில் வந்ததை எல்லாம் இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டாம். தமிழில் அது சாமர்த்தியமாக இருந்தது. ஆங்கிலத்தில், அந்த அறையில், ஒரு மனிதன் செத்த பிறகு, அது என்னவாக இருந்தது என்று நான் சொல்ல விரும்பவில்லை. "அடுத்த வரி?" என்றார். அடுத்த வரி சூசைராஜுடையது. நான்தான் தப்பாகச் சொல்லியிருப்பேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மரியாதைக்காக எழுதியது அது. நம்மில் யாராக இருந்தாலும் ஒரு பெண்ணிடம் வாக்குவாதத்தை முடிக்க அப்படித்தான் எழுதுவோம். ஆங்கிலத்தில் அதற்கு மரியாதை கிடையாது, வாக்குமூலமாகத்தான் வந்தது. மரியாதையை விளக்க முயன்றேன். "அன்றைக்கு இல்லை என்றீர்கள், இன்றைக்கு இருக்கிறது என்கிறீர்கள். இதில் எதை மேடம் நாங்கள் எழுதிக்கொள்வது?" என்று கேட்டார். குழுவில் நான் கேட்கும் தொனி அப்படியே அவரிடம் இருந்தது.

அதிகாரி சூசைராஜைப் பார்த்து, அன்று மேற்பார்வையாளரிடம் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னார். சூசைராஜ் எழுந்து கைகட்டிக்கொண்டு, "தார் காஞ்சா ஹோயே கேச்சே" என்றார். அறையில் இரண்டு பேர் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் காஞ்சா. மூன்றாம் தடவை இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாக, காஞ்சா. என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அவர் சொல்ல நினைத்தது காஞ்சா இல்லை, காஞ்சா" என்றேன். என் காதுக்கு இரண்டும் வேறு வேறாகக் கேட்டன. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, பாவம். "நீங்கள் இரண்டு தடவையும் ஒன்றையேதான் சொன்னீர்கள், மேடம்" என்றார். பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்பது எதிரே இருந்து எனக்குத் தெரிந்தது. காற்றில்லாத காஞ்சாவைத்தான் எழுதினார். சாட்சிகள் எல்லோரும் கேட்டதும் அதைத்தான். அடுத்த தேதி சொல்லி, அதுவரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று சூசைராஜிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் ஹாரு தாவின் மனைவி உட்கார்ந்திருந்தார். சூசைராஜைக் கண்டதும் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நான் குறுக்கே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஓ கி போலேச்சிலோ?" அவர் சொன்னாரா? ஆபத்து என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தாரா, அல்லது சொன்னாரா? தன் புருஷனைக் கொன்றது அலட்சியமா வேறு ஏதாவதா என்பதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். சொன்னார் என்றேன், உங்கள் வீட்டுக்காரரிடமும் சொன்னார். "கி போலேச்சிலோ?" என்ன சொன்னார்?

காஞ்சா என்றேன். என்னால் வேறெப்படிச் சொல்ல முடியும்?

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆம்" என்றார். "ஆம்... காஞ்சா ஆம்." ஒரு விநாடி அவர் தமிழில் ஆமாம் என்கிறார் என்றே எனக்குப் பட்டது. வங்காளத்தில் ஆம் என்றால் மாம்பழம். காஞ்சா ஆம் மாங்காய். அழுகையினூடே அவர் சொன்னதை நான் துண்டு துண்டாகப் புரிந்துகொண்டேன். ஒருநாள் ஹாரு தா வீட்டுக்கு வந்து, அந்த மதராஸிப் பையன் பாவம், ஊர் விட்டு ஊர் வந்து கிடக்கிறான், என்னவோ காஞ்சா காஞ்சா என்று கேட்டான், மாங்காய்க்கு ஆசைப்படுகிறான் போலிருக்கிறது என்று சொல்லி, பக்கத்து வீட்டு மரத்தில் தானே ஏறி இரண்டு காய் பறித்திருக்கிறார். ஒன்று போதாதா என்று மனைவி கேட்டதற்கு, தானும் கூடச் சேர்ந்து தின்றால்தான் அவன் கூச்சப்படாமல் தின்பான் என்றிருக்கிறார்.

"என்னக்கா சொல்லுதாங்க?" என்று சூசைராஜ் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அழிப்பது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் ஒரு தடவை அழித்ததே போதும் என்று பட்டது. பாபுகாட் படித்துறையிலிருந்து ஹவுராவுக்குப் போகும் படகில், மழைச்சாரலுக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, அந்த அம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவருக்குச் சொன்னேன். பாகுக் என்றால் என்ன என்பதையும் சொன்னேன். இரண்டு காஞ்சா இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"அப்போ நான் சொல்லிருக்கேம்லாக்கா" என்றார். "அவருக்குக் கேட்டிருக்குல்லா."

ஹவுராப் படித்துறையில் அவர் இறங்கிப் போனார். நான் இறங்கவில்லை, அதே படகு திரும்பிப் போகும் என்றார்கள். உட்கார்ந்துகொண்டே கைப்பேசியில் குழுவைத் திறந்து, குருவிக்கூண்டு ஒரு சொல்தான், நான் தவறாகத் தீர்ப்புச் சொன்னேன் என்று ஒரு பதிவு போட்டேன். படகு நகர்வதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. எந்த அகராதியில் இருக்கிறது, ஆதாரம் தாருங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டாமவர், எல்லோரும் சொன்னால் தப்பு சரியாகிவிடாது என்று என்னுடைய வரியையே எனக்கு எடுத்துப் போட்டிருந்தார். கீழே சிரிப்பு முகங்கள் ஏறிக்கொண்டிருந்தன. மூடி வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையிலும் அந்த இரண்டு சொற்களையும் நான் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறேன். நம் எழுத்தில் அதற்கு மேல் வழியில்லை. எந்தக் காஞ்சா கூண்டு, எந்தக் காஞ்சா காய் என்று இந்தப் பக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரியாது. சூசைராஜும் நானும் பேசியதை நீங்கள் இப்போது கேட்டுவிட்டீர்கள், அந்த ஊர்க்காரர்கள் கேட்டது போலவே.

படகு நடு ஆற்றுக்கு வந்தபோது கைப்பையிலிருந்து இனியா கிழித்துத் தந்த காகிதத் துண்டை எடுத்தேன். ஒரு கரையில் ஹவுரா, ஒரு கரையில் கொல்கத்தா. காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னேன். காகிதம் ஆடியது. சந்தோஷத்தில் மறுபடி சொன்னேன், மறுபடியும் ஆடியது. பிறகு வாயை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.